காரில் காய்ந்துபோன ஸ்ரிக்கர் பசை: தேங்காய் எண்ணெயா, மண்ணெண்ணெயா, தின்னரா?

யாழ்ப்பாணத்து வெயிலில் சில வருடம் நின்ற காரிலிருந்து ஸ்ரிக்கரை உரித்தால் மேல்தாள் மட்டுந்தான் கையோடு வரும். பசை பெயின்றிலேயே நிற்கும். மங்கல் மஞ்சளாக, ஓரங்களில் செம்மண் தூசி பிடித்துக் கறுத்து, சுரண்டினால் நகந்தான் தேயும். அந்த நேரம் பக்கத்தில் நிற்கிற யாராவது கட்டாயம் சொல்லுவார்: "கொஞ்சம் தின்னர் போட்டுத் துடையுங்கோ, உடன போயிடும்." போகும், உண்மைதான். பசையோடு சேர்ந்து வேறு என்ன போகும் என்பதை யோசித்துவிட்டுத்தான் போத்தலைத் திறக்கவேண்டும்.

எங்கள் ஊர்க் கார்களில் பசை வந்து சேருகிற வழிகள் பல. மார்ச் மாதம் யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கிற வடக்கின் பெரும் போர் என்கிற கிரிக்கெற் ஆட்டம் 1904இல் தொடங்கியது. அந்த நாட்களில் பழைய மாணவர்களின் கார்க் கதவெல்லாம் கல்லூரிச் சின்னந்தான். கலியாணக் காருக்குப் பூவையும் ரிபனையும் செலோ ரேப்பால் ஒட்டுவார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்கு வந்த கியூஆர் குறியை அச்சடித்துப் பெற்றோல் தாங்கி மூடியிலேயே ஒட்டியவர்கள் இருக்கிறார்கள். லீசிங் கம்பனியின் பெயர், ஜப்பானில் முதல் வைத்திருந்தவர் ஒட்டியது, கோயிலில் வாங்கிய வேல் என்று இன்னும் இருக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் கையிலிருந்த பழைய காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவர்கள்தான் எங்களில் அதிகம். விற்கிற நாளில் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது பெயின்றைத்தான். ஒரு கதவில் உள்ளங்கை அளவு இடம் மங்கியிருந்தாலும் "அடிபட்டுத் திரும்பப் பெயின்ற் அடிச்சதோ?" என்று கேட்டு விலையைக் குறைப்பார். ஆகவே இந்தச் சின்ன வேலையை ஆறுதலாக யோசித்துச் செய்வது காசுக்கும் நல்லது.

முதலில் பெயின்றைப் பாருங்கள்

எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்கு எல்லாக் காருக்கும் ஒரே பதில் கிடையாது. கொம்பனியில் அடித்த பெயின்றா, ஊர்க் கராஜில் அடித்ததா என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது.

விட்ஸ், வாகன் ஆர், அக்சியோ மாதிரியான கார்களில் தொழிற்சாலைப் பெயின்ற் சூளையில் வேகவைத்து இறுக்கப்பட்டது. அடியில் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பெரும்பாலும் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன். ஒரு போட்டோகொப்பிக் கடதாசி ஏறத்தாழ 100 மைக்ரோன் தடிப்பு என்றால் கணக்கு விளங்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரோன். காரின் மினுக்கமும் வெயில் தாங்குகிற சக்தியும் அந்த மெல்லிய படைக்குள்தான் இருக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பெயின்ற் இரசாயன ரீதியாகப் பிணைந்து இறுகியது. மண்ணெண்ணெய் இரண்டு மூன்று நிமிடம் பட்டால் அதற்கு ஒன்றும் செய்யாது.

கராஜில் அடித்த பழைய மாதிரி லாக்கர் பெயின்றின் கதை வேறு. அது தின்னர் ஆவியாகிப் போனதால் மட்டும் காய்ந்த பெயின்ற். தின்னரைத் திரும்பக் காட்டினால் எத்தனை வருடம் கழிந்திருந்தாலும் திரும்பக் கரையும். எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்களில் பல இப்படித் திரும்பத் திரும்பப் பெயின்ற் கண்டவை. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. எஞ்சின் மண்ணெண்ணெய் குடித்துப் பிழைத்தது. பெயின்ற் தின்னரைத் தாங்காது. நீல நிறக் கேம்பிரிட்ஜ் ஒன்றின் கதவை ஒருவர் தின்னர்த் துணியால் இரண்டு தரம் இழுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் இழுப்பில் துணி நீலமாயிற்று. இரண்டாவதில் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. பசையின் ஓரம் அப்போதும் அப்படியே இருந்தது.

உங்கள் காரில் என்ன பெயின்ற் என்று தெரியாவிட்டால், கதவைத் திறந்து உள்விளிம்பில், கண்ணில் படாத இடத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் வைத்துத் தேயுங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லை; லாக்கராக இருக்கலாம் என்று எண்ணிக் கவனமாக இருங்கள். நிறம் ஏறாவிட்டால் பெரும்பாலும் கிளியர் கோட் உண்டு. ஆனால் அடிபட்டு ஒரு கதவை மட்டும் மாற்றி அடித்திருக்கலாம் என்பதால், ஸ்ரிக்கர் இருக்கிற அதே கதவில்தான் பார்க்கவேண்டும். கராஜிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகாத பெயின்ற் என்றால் எதையுமே போடாமல் விடுங்கள். அது உள்ளே இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்.

அடுத்தது பசை. விரலை அழுத்தி எடுத்தால் மஞ்சளாக, இழுபட்டு, பிசுபிசுவென்று வருவது ரப்பர் வகை. செலோ ரேப்பும் மலிவான கடதாசி ஸ்ரிக்கர்களும் பெரும்பாலும் இதுதான். எண்ணெய் எதற்கும் இது சீக்கிரம் மசியும். தெளிவாக அல்லது வெண்மையாக, மெல்லிய தோல் மாதிரி இறுகி நிற்பது அக்ரிலிக் வகை. வினைல் ஸ்ரிக்கர்களில் வருவது. வெயில் பட்ட வினைலில் அதை மென்மையாக வைத்திருந்த பொருள் வெளியேறிவிடுவதால் மேல்தாள் ஓட்டோடாக உடையும். பசையும் வருடக்கணக்கில் இறுகும். அதற்குச் சமையலறை எண்ணெய் மட்டும் போதாது.

சூடு: எல்லாவற்றுக்கும் முன்னால்

பெயின்றும் பசையும் எதுவாக இருந்தாலும் சூட்டில்தான் தொடங்கவேண்டும் என்பது என் முடிவு. எண்ணெய் ஒன்றும் தொடாமல், பெயின்றுக்கு எந்த இரசாயனமும் படாமல், மேல்தாளோடு பாதிப் பசையைக் கழற்றித் தருவது சூடு மட்டுந்தான்.

வீட்டிலுள்ள ஹெயார் ட்றையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் அசைத்து, தகரத்தில் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்கிற சூடே போதுமானது. பிறகு ஒரு மூலையைக் கிளப்பி, ஸ்ரிக்கரை மேல்நோக்கி இழுக்காமல் அதன்மேலேயே மடித்துத் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் தாள் கிழிந்து பசை நின்றுவிடும். பெயின்ற் அடிக்கிற இடங்களில் வைத்திருக்கிற ஹீற் கன் இந்த வேலைக்கு வேண்டாம். அதன் காற்று 500 பாகை வரை போகும். பம்பர் பிளாஸ்ரிக் ஆனபடியால் நெளிந்துவிடும்.

ட்றையர் இல்லையென்றால் வெயில் இருக்கிறது. காண்டாவனக் காலத்து மத்தியானத்தில் கறுப்புக் காரின் பொனற்றில் கை வைக்க ஏலாது. காலை ஒன்பது பத்து மணிக்கு அந்தப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி நிறுத்தினால் ஸ்ரிக்கர் இளகிவிடும். ஆனால் வெயிலில் உரிக்கலாமே தவிர, எண்ணெய் போடக்கூடாது. தாளை வெயிலில் உரித்து முடித்து, காரை மாமர நிழலுக்கு எடுத்து, தகரம் ஆறிய பிறகுதான் போத்தலைத் திறக்கவேண்டும். சூடான தகரத்தில் ஊற்றினால் பசையை இளக்க முன்னமே ஆவியாகிப் போகும், கறையும் விடும். மண்ணெண்ணெயின் ஆவி 38 பாகைக்கு மேல் தீப்பிடிக்கக்கூடியது. மத்தியான வெயிலில் தகரம் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும்.

பஞ்சு வைத்த தடித்த சின்னங்கள், கார் பின்பக்கத்து எழுத்துகள் இருந்தால் அவற்றை நெம்பாதீர்கள். மீன்பிடிச் சாமான் கடைகளில் தங்கூசி நூல் கிடைக்கும். அதைச் சின்னத்துக்கும் பெயின்றுக்கும் நடுவில் விட்டு, இரண்டு கையாலும் வாள் அறுக்கிற மாதிரி இழுத்தால் பஞ்சு அறுந்து சின்னம் கையில் வரும். நூல் பெயின்றில் உரசாமல் பஞ்சுக்குள்ளேயே ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போத்தல்கள்

தேங்காய் எண்ணெய்தான் எங்கள் பக்கத்தில் முதலில் கைக்கு வருவது, பெயின்றுக்கு ஒரு தீங்கும் செய்யாததும் அதுதான். துணியில் நன்றாக நனைத்துப் பசைமேல் விரித்து அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் விடவேண்டும். ரப்பர் வகைப் பசை ஊறி, பெருவிரலால் தேய்க்கும்போது சாம்பல் நிறமாகத் திரண்டு, சின்னச் சின்ன உருண்டையாகக் கழன்று வரும். கலியாணக் காரின் செலோ ரேப் பசைக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. குறை என்னவென்றால் நேரம் எடுக்கும்; இறுகிய வினைல் பசையில் மேலோட்டமாக வழுக்கிக்கொண்டே போகும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியில் வைத்துச் செய்தால் எண்ணெயில் தூசி வந்து படியும், அதோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும். கராஜுக்குள்ளோ மதில் மறைவிலோ செய்யுங்கள்.

மண்ணெண்ணெயைப் பலர் கண்டால் பயப்படுகிறார்கள். என் பார்வையில், கொம்பனிப் பெயின்றுக்கு இது நல்ல தெரிவு. மெதுவாக ஆவியாவதால் பசைக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. பெயின்றைக் கரைக்கிற தின்னர்ச் சரக்கு அதில் இல்லை. நன்றாகக் காய்ந்த லாக்கர் பெயின்றிலும் மறைவிடத்தில் சோதித்துவிட்டுச் சுருக்கமாகப் பாவிக்கலாம். துணியில் நனைத்து இரண்டு நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்து, திரும்ப ஒற்றி, இப்படி மூன்று நான்கு சுற்று. ஊற்றிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிக்கிற வேலை கூடாது. கதவு ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதி இளகும் என்பதால் பக்கத்தில் ரப்பர் இருந்தால் மாஸ்கிங் ரேப் ஒட்டி மறையுங்கள். முடிந்ததும் சவர்க்காரத் தண்ணியால் கழுவினால்தான் எண்ணெய்ப் படை போகும்.

ஹாட்வெயார் கடை டர்பன்டைனும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யும், மணம் மட்டும் வேறு. டபிள்யூ.டி. 40 ஸ்பிறேயிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த இனத்துக் கரைப்பானும் மெல்லிய எண்ணெயுந்தான். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதையே பாவியுங்கள். இதற்கென்று புதிதாக வாங்கத் தேவையில்லை.

இறுகிய அக்ரிலிக் பசைக்கு நான் கைநீட்டுவது யூக்கலிப்டஸ் எண்ணெயை. பாமசியில் சின்னப் போத்தலில் கிடைக்கிறது. பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால், மண்ணெண்ணெய்க்கு மசியாத பசையும் பாகு மாதிரி இளகும். ஆனால் இது வீரியமான சாமான். கொம்பனிப் பெயின்றில் ஒரு நிமிடத்துக்குமேல் விடவேண்டாம், லாக்கர் பெயின்றில் தொடவே வேண்டாம், முன்விளக்குப் பிளாஸ்ரிக்கில் படவேண்டாம். ஸ்ரிக்கர் கழற்றவென்றே விற்கிற தோடம்பழ எண்ணெய்த் திரவங்களும் இதே குணந்தான். தேசிக்காய் வெட்டித் தேய்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. பசையைக் கரைக்கிற எண்ணெய் பழத்தின் தோலில் இருக்கிறது. தேசிக்காய்ப் புளியில் அந்தக் குணம் இல்லை, வெயிலில் காய்ந்தால் பெயின்றில் கறையும் விடும்.

கொரோனாக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் வந்த ஐசோபுரோப்பைல் அல்ககோல், 70 வீதத்தது, கடைசித் துடைப்புக்கு நல்லது. எண்ணெய்ப் படையையும் மிஞ்சிய மெல்லிய பசையையும் எடுத்துவிடும். தடித்த பசைக்கு இதை வைத்துக்கொண்டு நின்றால் காய்ந்து காய்ந்து போத்தல்தான் முடியும். புதிதாக அடித்த பெயின்றில் இதுவும் வேண்டாம்.

பெற்றோலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் வேண்டாமென்றே சொல்வேன். பசை போகும். ஆனால் அதன் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே தீப்பிடிக்கக்கூடியது. துணியோடு காரைச் சுற்றி நிற்கிறபோது யாராவது சுருட்டுப் பற்றவைத்தால் போதும். லாக்கர் பெயின்றை இளக்குகிற சரக்கும் அதில் உண்டு. மண்ணெண்ணெய் செய்கிற வேலைக்கு இந்த ஆபத்து எதற்கு?

தின்னரையும், நகப்பூச்சு எடுக்கிற அசிற்றோனையும் முழுதாக விடுங்கள். தொழிற்சாலைப் பெயின்றில் தின்னர் பட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை; உடனே துடைத்தால் சில வேளை ஒன்றும் தெரியாது. கொஞ்சம் நின்றுவிட்டால் கிளியர் கோட் மங்கி, அந்த இடம் வெண்பூத்துப் போகும். அந்தக் கதவு முன்பு திரும்பப் பெயின்ற் அடித்ததா என்று தெரியாமல் தின்னர்த் துணி வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

சுரண்டுவது

பழைய வங்கி அட்டை ஒன்றின் விளிம்பைத் துணியால் சுற்றிப் பாவியுங்கள். பசை ஈரமாக இருக்கும்போது மட்டும் தள்ளவேண்டும். சவர பிளேற்றைப் பெயின்றுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியில், நனைத்துவிட்டு, பிளேற் வைக்கலாம். அதிலும் பின்கண்ணாடி உட்பக்கத்தில் ஓடுகிற சூடாக்கும் கோடுகளில் பட்டால் கோடு அறுந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற பச்சைத் தும்பு, கம்பிநார் இரண்டும் பசையோடு கிளியர் கோட்டையும் தேய்க்கும்.

ட்ரில் மெஷினில் பூட்டுகிற ரப்பர்ச் சக்கரம் ஒன்று உண்டு. வான் முழுக்க ஒட்டிய கோடுகள், கடைப் பெயர் எழுத்துகள் மாதிரிப் பெரிய வேலைக்கு அது நல்ல சாமான். கொம்பனிப் பெயின்றில், குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நில்லாமல் ஓட்டத் தெரிந்தவர் கையில் இருக்கவேண்டும். நின்றால் உராய்வுச் சூட்டில் பெயின்ற் எரியும். ஒரு கதவு ஸ்ரிக்கருக்காக அதைத் தேடிப் போகவேண்டாம்.

கராஜில் கொடுத்துச் செய்விக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் திறப்பைக் கொடுக்க முன்னம் "அண்ணை, எதைப் போட்டு எடுப்பீங்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "தின்னர்" என்று பதில் வந்தால் காரைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். சூடும் கரைப்பானும் என்று விளக்கிச் சொல்கிறவரிடம் தாராளமாக விடலாம், பெயின்றை மினுக்குகிற கட் அன்ட் பொலிஷும் அவரிடமே முடித்துக்கொள்ளலாம்.

எந்தக் காருக்கு எது

கொம்பனிப் பெயின்ற், வினைல் ஸ்ரிக்கர்: சூட்டில் உரித்து, நிழலில் மண்ணெண்ணெய், அதற்கும் மசியாத இடத்தில் மட்டும் யூக்கலிப்டஸ். செலோ ரேப் பசை என்றால் எந்தப் பெயின்றானாலும் தேங்காய் எண்ணெயோடு நிறுத்துங்கள். பழைய கேம்பிரிட்ஜ், மொரிஸ், அல்லது கராஜில் அடித்த கதவு என்றால் கை பொறுக்கிற சூடு, தேங்காய் எண்ணெய், பொறுமை. அதற்குப் பிறகுதான், சோதித்துப் பார்த்து, மண்ணெண்ணெய். அந்தப் பெயின்ற் ஓரங்களில் ஏற்கெனவே வெடித்துக் கிளம்பியிருந்தால் ஸ்ரிக்கரை அப்படியே விடுவதுதான் புத்தி. உரிக்கும்போது பெயின்றும் சேர்ந்து வரும்.

எதைத் தெரிவுசெய்தாலும், தொட முன்னம் காரைக் கழுவுங்கள். எங்கள் செம்மண்ணும் கடற்காற்று கொண்டுவருகிற உப்பும் மணலும் துணிக்கடியில் அகப்பட்டால் கீறிவிடும். முடிந்த பிறகும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே துவாயால் துடைத்துவிடவேண்டும். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை, தண்ணி கடினம். வெயிலில் தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிந்து, பசையை எடுத்த இடத்தில் புதுக் கறை வந்துவிடும்.

கிணறு என்றதும் இன்னொன்று. மண்ணெண்ணெய் நனைந்த துணியையும் கழுவிய தண்ணியையும் கிணற்றடிப் பக்கம் கொட்டாதீர்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் குடிதண்ணிக்கு அலைந்த நாட்கள் அதிகம் பின்னால் இல்லை. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகள் ஓடுகின்றன. மேலே கொட்டுவது வடிகட்டாமலே கீழே போகும். கரைப்பானைத் துணியில் அளவாக எடுத்து, அந்தத் துணியை வெளியில் விரித்துக் காயவிட்டுக் குப்பைக்குக் கொடுங்கள். சுருட்டி மூலையில் போட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பசை முழுதாகப் போன பிறகும் ஸ்ரிக்கரின் உருவம் நிழலாகத் தெரிந்தால் பதறவேண்டாம். அந்த இடம் வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருக்கிறது, சுற்றியிருக்கிற பெயின்ற்தான் வெளுத்திருக்கிறது. சிவப்புக் கார்களில் இது அதிகம். நல்ல பொலிஷ் எடுத்து சுற்றுப் பக்கத்தைக் கையால் மெதுவாகத் தேய்த்தால் வித்தியாசம் குறையும், முழுதாக மறையாது. மறையும்வரை பெயின்றை அரைத்து மினுக்குகிற கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த 40 மைக்ரோன்தான் குறைந்துகொண்டு போகும். இரண்டு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டு மெழுகு பூசி நிறுத்துங்கள். அடுத்த சில மாத வெயிலில் அந்த நிழலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும்.

கலியாணக் கார் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று: ரேப்பை அன்று இரவே எடுத்துவிடுங்கள். ஒரு கிழமை வெயில் பட்ட பிறகு ஒரு மணித்தியாலம் எடுக்கிற வேலை, அன்றிரவு தேங்காய் எண்ணெயில் ஐந்து நிமிடம்.